உள்வீட்டுக் கலகம்

வயிற்று நோயைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதுவது அழகன்று எனக் கருதும் வாசகர்கள் இதனை விடுத்து அடுத்த பக்கத்துக்குச் செல்வார்களாக. நாமும் அவ்வாறு கருதியிருந்தவர்தாம். அக்கருத்தினாலேயே மலத்தோடு குருதி போவதை மூன்று மாத காலம் மனைவியாருக்கும் மறைத்து வைத்திருந்தோம். மூல வியாதியாயிருக்கும், மிளகாய்த்தூளைக் குறைத்தால் மாறிவிடும் என்று எமக்கு நாமே வைத்தியஞ் செய்துகொண்டோம். ஆயினும் நாளொன்றுக்கு எட்டுத் தடவை மலசலகூடத்துக்கு ஓடுவதை எவ்வளவு காலம் ஒளிக்கலாம்? "இஞ்சருங்கோ, எத்தனை நாளாய் இது? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவர் கேட்டபோது எம்மிடம் விடை இருக்கவில்லை.

வளையுங் குழாய்க் கருவியினாற் பெருங்குடலைச் சோதித்த வைத்திய நிபுணர், உட்சுவர் சிவந்து புண்பட்டிருப்பதைப் படத்திற் காட்டி, அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் என்று பெயர் சொன்னார்.

"என்ன கிருமி, டொக்டர்?"

"கிருமியில்லை ஐயா. உங்கள் உடம்பின் காவற்படைதான்."

அவர் விளக்கியதை எமக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம். குடலினுள்ளே கோடானுகோடி பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் எமது சதைக்கும் இடையில் உள்ளவை ஒரு சளிப்படலமும், ஒற்றை வரிசைக் கலங்களாலான மெல்லிய தோலுமே. அதன் பின்னால், நோயெதிர்க்கும் வெண்கலங்கள் பெருந்தொகையிற் கூடி நிற்கின்றன. அவற்றின் பெருமை சண்டையிடுவதினும் சண்டையிடாதிருப்பதிலேயே உள்ளது. உண்ட சோற்றையும் உள்ளூர்ப் பற்றீரியாவையும் பகையென்று கருதாது பொறுத்துக்கொள்ளும். நோய்க்கிருமி வந்தாற் பாயும். வேலை முடிந்ததும் அடங்கும். இந்நோயில் அந்த அடக்கம் அற்றுப்போகிறது. பிறப்போடு வந்த இயல்பும், சூழலும், குடற் பற்றீரியாக்களின் மாற்றமும் சேர்ந்தே இதனை விளைக்கின்றன என்பர். ஒரு கலம் விடுக்கும் இரசாயனத் தூது வேறு பல கலங்களை அழைக்கிறது. அவை சொரியும் பொருள்களாற் சுவர் புண்படுகிறது. புண்ணின் வழியே பற்றீரியா உட்புக, மேலும் படை வருகிறது. தோட்டத்துள் புகுந்த மாட்டைத் துரத்தப் போனவர் வேலிக் கதியாலையே பிடுங்கி அடித்து, மற்ற மாடுகளுக்கும் வழி திறந்துவிட்ட கதைதான்.

இதே குலத்தைச் சேர்ந்த மற்றொரு நோயை 1932 இல் நியூயோர்க்கில் குரோன் என்பவரும் தோழர் இருவரும் விவரித்தனர். அது குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவ வல்லது. எம்முடையது பெரும்பாலும் உட்படலத்தோடு நிற்பது. அதனைச் சிறு பாக்கியமாகவே கொண்டோம். எமது தாயாரோ இவை ஒன்றையும் ஏற்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடாத பலன் என்பதே இன்றுவரை அவர் தீர்ப்பு.

படையை அடக்குவதற்கு ஸ்டீரொயிட் குளிசை தந்தார்கள். 1955 இல் ஒக்ஸ்ஃபோர்ட்டைச் சேர்ந்த ட்ரூலவ், விற்ஸ் என்னும் வைத்தியர்கள், 210 நோயாளரிடம் கோட்டிசோனைச் சோதித்து அதன் பயனை வெளிப்படுத்தினர். அவ்வினத்து மருந்தே இதுவும். இரண்டு கிழமையிற் குருதி நின்றது. முகம் பூசணிக்காய் போல் ஊதிற்று, நித்திரை போயிற்று. நெடுங்காலம் உண்ணத்தக்கதன்று என்று அதனைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, மெசலசீன் குளிசையை நாள்தோறும் தொடருமாறு நிபுணர் பணித்தார்.

ஒரு வருடம் சுகமாயிருந்தோம். சுகமாயிருப்பவனுக்குக் குளிசை எதற்கு என்று, மறுபடியும் ஒருவருக்குஞ் சொல்லாமல், அதனை நிறுத்தினோம். நான்காம் மாதம் குருதி வந்தது. இம்முறை அன்றே மனைவியாரிடம் சொன்னோம். அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

மூத்த மகன் தனக்கும் இது வருமோ என்று வினவினான். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்க்கு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடும், ஆயினும் பெரும்பாலோர்க்கு வருவதில்லை என்றோம். "வந்தால் நான் ஒளிக்கமாட்டன், அப்பா" என்றான்.

குளிசைப் போத்தல் இப்போது மனைவியாரின் அலுமாரியில் இருக்கிறது. காலையில் அவரே எடுத்துத் தருகிறார். நாம் விழுங்கியதைக் கண்டபின், போத்தலிலுள்ள மிச்சத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார்.