மாஹிமில் ஒரு மார்கழி

மும்பையில் வாழும் நம்மவருள் மாஹிம் என்னும் பெயரைக் கேளாதார் இலர். ஆனால் நம்மிற் பலர் கண்டிருப்பது ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை ஒன்றையே. நிலையத்திற்குக் கிழக்கே தாராவி; மேற்கே மாஹிம். இடையில் இருப்பவை தண்டவாளங்களும் ஒரு நடைமேம்பாலமுமே. எனினும் கிழக்கே பிறந்து, கிழக்கே வளர்ந்து, வேலைக்குச் செல்லும் அவசரத்திலன்றி மேற்கே கால் வைத்தறியாத குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. செம்பூரில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நானும் அவ்வாறே இருந்தேன்.

நண்பர்கள் நாங்கள் மூவர். ஒருவர் மாதுங்காவில் வாழும் தஞ்சைக்காரர். மற்றவர் தாராவியில் பிறந்த நெல்லைச் சீமையார்; கத்தோலிக்கர்; எங்கள் இருவருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் இரண்டு நாள் எங்கேனும் சென்று வருவது எங்கள் வழக்கம். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கோவாவிற்குச் சென்று கிறிஸ்துமஸ் கடைவீதிகளையும் பண்டங்களையும் கண்டு வரலாம் என்று பேச்செடுத்தேன். அண்ணாச்சி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கோவாவில் காண்பதை மாஹிமிலேயே காணலாம். இந்த முறை என் வீட்டிற்கு வந்து தங்குங்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் எங்கே இருப்போமோ!” என்றார். அதற்குமேல் நாங்கள் கோவாவின் பெயரை எடுக்கவில்லை.

டிசம்பர் 21ஆம் நாள் சனிக்கிழமை நண்பகலில் புறப்பட்டேன். செம்பூரிலிருந்து வடாலா சென்று, கோரேகாவ் செல்லும் வண்டிக்கு மாறினேன். அடுத்த நிலையமாகிய கிங்ஸ் சர்க்கிளில் தஞ்சை நண்பர் ஏறிக்கொண்டார். கழுத்தில் கம்பளித் துண்டு. கையில் காப்பி நிறைந்த குடுவை. மும்பையின் குளிர் நம் ஊர்த் தை மாதக் காலைப் பனிக்கு ஈடாகாது. ஆயினும் அதற்கென வாங்கிய ஆடையை ஆண்டில் பத்து நாளாவது அணிந்தாக வேண்டுமன்றோ? அடுத்த நிலையம் மாஹிம். அண்ணாச்சி நடைமேடையிலேயே காத்திருந்தார்.

முதலில் அதிதூதர் மிக்கேல் ஆலயத்திற்குச் சென்றோம். போர்ச்சுக்கீசியர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஆலயம் அது. இன்று நாம் காணும் கட்டடம் 1973இல் எழுந்தது. 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கிய சதா சகாய மாதா நவநாள் வழிபாடு புதன்கிழமைதோறும் நடந்து வருகிறது. கத்தோலிக்கர் மட்டுமன்றி, இந்துக்களும் பிறரும் அன்று திரளாக வருவர். பாந்திரா மலை மாதாவின் திருவுருவம், மராத்தியர் படையெடுத்த 1739ஆம் ஆண்டு தொடங்கி 1761 வரை இவ்வாலயத்திலேயே அடைக்கலமாக இருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. “மாதாவே இருபத்திரண்டு ஆண்டுகள் வேற்றிடத்தில் குடியிருந்தவள்தான்” என்று அண்ணாச்சி சொன்னபோது அது வேடிக்கைப் பேச்சென்றே நினைத்தேன்.

வாயிலுக்கு வெளியே மெழுகு விற்போர் அமர்ந்திருந்தனர். வெறும் மெழுகுவர்த்திகள் மட்டுமல்ல. கை, கால், குழந்தை, வீடு என்று பல வடிவங்களில் வார்த்த மெழுகு உருவங்களும் இருந்தன. கால் நோவு உள்ளவர் காலையும், மகப்பேறு வேண்டுவோர் குழந்தையையும் வாங்கிப் படைப்பர். நம் கிராமத்துக் கோயில்களில் மண்ணால் செய்த உருவாரம் வைப்பதும், வேளாங்கண்ணியில் வெள்ளியில் உருவம் செய்து செலுத்துவதும் நினைவுக்கு வந்தன. அண்ணாச்சி விலை பேசாமல் ஒரு மெழுகு வீட்டை எடுத்தார். சாய்ந்த கூரையும் சிறிய கதவும் கொண்டு உள்ளங்கையில் அடங்கும் வீடு அது. அதனைப் படைத்துவிட்டு வந்து, எங்களிடம் ஒன்றும் கூறாமல் நடந்தார்.

அங்கிருந்து அல்வாக் கடைக்குச் சென்றோம். குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய இனிப்புக்காரக் குடும்பத்தினரால் பெயர் பெற்றது மாஹிம் அல்வா. திருநெல்வேலி அல்வாவை உண்டு வளர்ந்தவர் முன் அதனை வைப்பதற்குத் துணிவு வேண்டும். நம் அல்வா கோதுமைப் பாலில் கிளறி, நெய் வழிய, இலையில் வைத்தால் வழுக்கி ஓடுவது. மாஹிம் அல்வாவோ மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய பாகை, அப்பளம்போல் மெல்லிய தகடாகத் தேய்த்து, பாதாமும் பிஸ்தாவும் சீவித் தூவி, சதுரமாக வெட்டி, தகட்டுக்குத் தகடு தாள் வைத்து அடுக்கியது. அண்ணாச்சி ஒரு தகட்டை வாயிலிட்டு, கண்ணை மூடி, நீதிபதிபோல் சிந்தித்தார். “இது அல்வா அன்று, ஆனால் நல்ல பண்டம்” என்று தீர்ப்பளித்து, தாய்க்கென அரைக் கிலோ வாங்கிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் மாஹிம் காஸ்வே வழியே பாந்திராவிற்கு நடந்தோம். மாஹிம் பழைய பம்பாய்த் தீவின் வடகோடி. பாந்திரா சால்செட் தீவைச் சேர்ந்தது. இடையில் உள்ள கழிமுகத்தைப் படகில் கடக்க வேண்டியிருந்த காலத்தில், மழை நாட்களில் படகு கவிழ்ந்து மாண்டோர் பலர். பாதை அமைக்க அரசு பொருள் தர முன்வராத நிலையில், பார்சிச் செல்வர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியாராகிய அவாபாய் அம்மையார் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வழங்கினார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை என்பர். 1845இல் பாதை திறக்கப்பட்டது. மாஹிமின் பெருஞ்சாலைக்கு லேடி ஜாம்ஷெட்ஜி சாலை என்று பெயர் வந்தது அவரால்தான்.

பாதையின் நடுவில் நின்று பார்த்தோம். மேற்கே மாஹிம் விரிகுடா. கோலி மீனவர் படகுகள். அப்பால் 2009இல் திறந்த கடற்பாலத்தின் கம்பிகள் மாலை மூடுபனியில் மங்கித் தெரிந்தன. கிழக்கே மித்தி ஆறு. அந்தக் கழியின் கரையில்தான் தாராவி தோன்றியது. முதலில் கோலியர் ஊர். பின்னர் சௌராஷ்டிரக் குயவரும், தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் நெல்லை மக்களும் சதுப்பைத் தூர்த்துக் குடியேறினர். கழியின் வாடையைப் பொறுக்க மாட்டாமல் தஞ்சை நண்பர் கம்பளித் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சியோ, “என் பாட்டனார் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டிய இடம் இது” என்று கைநீட்டிக் காட்டினார். நண்பர் துண்டை இறக்கிவிட்டார்.

பாந்திராவின் ஹில் ரோடு அன்று ஒளிவெள்ளமாக இருந்தது. தாளிலும் நெகிழியிலும் செய்த நட்சத்திர விளக்குகள், வைக்கோல் வேய்ந்த குடில்கள், களிமண் ஆடுமாடுகள், சிவப்புக் குல்லாய்கள் எனக் கடைகள் நடைபாதையை முழுதும் நிறைத்திருந்தன. பேக்கரிகளில் பிளம் கேக்கின் மணம் வீசிற்று. கோவா மக்களும் மங்களூர் மக்களும் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பலகாரத் தொகுதிக்குக் குஸ்வார் என்று பெயர். அதனை ஒவ்வொன்றாக வாங்கிச் சுவைத்தபோது எங்களுக்கு வியப்பு மேலிட்டது. நெவ்ரி என்பது நம் சோமாசி. தொதோல் என்பது அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்புக்கட்டியும் சேர்ந்த, கீழக்கரையார் நன்கறிந்த தொதல். குல்குல் என்பது சிப்பி வடிவில் சுருட்டிப் பொரித்த நம் கலகலாவின் உடன்பிறப்பு. பல அடுக்குகளாகச் சுட்ட பெபிங்கா ஒன்றிற்கே எங்களிடம் தமிழ்ப் பெயர் இல்லை. கடலோரம் முழுதும் ஒரே அடுக்களைதான் போலும். ஊர்தோறும் பெயர் மட்டும் மாறியுள்ளது.

நட்சத்திர விளக்கு வாங்கும்போது அண்ணாச்சிக்குத் தயக்கம் நேர்ந்தது. சிறியதாக வாங்கி வருமாறு மனைவியார் சொல்லியிருந்தார். பெரியதாக வாங்கி வருமாறு தாயார் சொல்லியிருந்தார். காரணம் கேட்டோம். அப்போதுதான் அவர் மனம் திறந்தார்.

தாராவி மறுசீரமைப்பிற்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. அவர் வீட்டுக் கதவிலும் எண் எழுதிச் சென்றுள்ளனர். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்னிருந்தே தரைத்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. மேல்தளத்தாருக்கு வெளியே என்பது திட்டம். அவர் தந்தையார் கட்டிய வீட்டின் கீழறையில் தமையனாரும் தாயாரும் இருக்கிறார்கள். மேலே எழுப்பிய அறையில் அண்ணாச்சியின் குடும்பம் வாழ்கிறது. நடுவில் உள்ளது ஓர் இரும்பு ஏணிதான். அந்த ஏணி இனி எத்தனை மைல் நீளுமோ என்பது அவர் கவலை. “மாற்றிச் செல்லும்போது பெரிய விளக்கு உடைந்துவிடும் என்கிறாள் இவள். இந்த வீட்டில் கடைசி விளக்கானால் அது தெருவுக்கே தெரியட்டும் என்கிறார் அம்மா” என்றார். தஞ்சை நண்பர் ஒன்றும் பேசாமல் கடையிலிருந்த மிகப் பெரிய விளக்கிற்குப் பணம் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு அவர் வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை கண் விழித்தபோது கீழே எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அச்சினை மாவில் தோய்த்து எண்ணெயில் அமிழ்த்தி, தட்டி விடுவித்து, பூப்பூவாக அச்சுமுறுக்கு எடுத்துக்கொண்டிருந்தார் தாயார். மறுபுறம் மருமகள்மார் இருவரும் பாசிப்பயற்று மாவில் முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருந்தனர். தட்டுகள் ஏணி வழியே மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தன. மாஹிம் அல்வாவை உண்டு பார்த்த தாயார், “காகிதத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டேனோ?” என்று கேட்டுச் சிரித்தார். குஸ்வார்ப் பொட்டலத்தில் அச்சுமுறுக்கைக் கண்டதும் அவருக்குப் பெருமகிழ்ச்சி. “இவர்களும் இதைச் செய்வார்களா!” என்று பலமுறை கேட்டார்.

மாலையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மாஹிம் தர்காவிற்குச் சென்றோம். அங்கே அடங்கியிருப்பவர் மக்தூம் அலி மாஹிமி என்னும் மகான். 1372இல் பிறந்து 1431இல் மறைந்த பேரறிஞர். திருக்குர்ஆனுக்கு அரபு மொழியில் விரிவுரை எழுதியவர். டிசம்பரில் பத்து நாள் அங்கே பெருவிழா நடக்கும். மாஹிம் காவல் நிலையத்திலிருந்து காவலர்களே ஊர்வலமாகச் சென்று முதற் போர்வையைச் சாத்தி விழாவைத் தொடங்கி வைப்பது நெடுநாள் மரபு. நாகூர்க் கந்தூரியைக் கண்டவர்களுக்கு அந்தச் சந்தன மணமும் கூட்டமும் புதியவையாகத் தோன்றா. தர்காவிற்குப் பின்னே ரேத்தி பந்தரில் ராட்டினங்கள் சுழன்றன. தெருவெங்கும் கபாப் சுடும் புகை. வண்டிச் சக்கரம் போன்ற பெரிய பரோட்டாவைப் பொரித்து, துண்டு போட்டு, ரவை அல்வாவுடன் எடை போட்டுத் தருகிறார்கள். பிள்ளைகள் வேறொன்றையும் கேட்கவில்லை.

மகானைப் பற்றி வழங்கும் கதை ஒன்றை அங்கிருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்குக் கூறினார். இளமையில் ஓரிரவு அவர் தாயார் குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். மகன் கொண்டு வருவதற்குள் தாயார் உறங்கிவிட்டார். எழுப்பவும் மனமின்றி, கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகவும் மனமின்றி, விடியுமளவும் கிண்ணத்தோடு அருகில் நின்றாராம் மகன். அந்தத் தாயின் அடக்கமும் அங்கே மகனுக்கு அருகிலேயே உள்ளது. கதையைக் கேட்ட அண்ணாச்சி நெடுநேரம் அவ்விடம் விட்டு அகலவில்லை. ராட்டினத்திற்கு நேரமாயிற்றென்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்த பிறகே வந்தார்.

வீடு திரும்பியதும் விளக்கைக் கட்டினோம். எங்கே கட்டுவதென்று சிறு வாதம் எழுந்தது. மாடியில் கட்டினால் தெருவுக்குத் தெரியும். கீழே கட்டினால் தாயார் படுக்கையிலிருந்தே காணலாம். இறுதியில் ஏணியின் நடுப்படியில் கட்டினோம். அப்படியைத் தாண்டிச் செல்வோர் ஒவ்வொருவரும் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. தாயார் அதனைப் பார்த்து, “எங்கே கொண்டு போய் வைத்தால் என்னடா? புதன்கிழமை நவநாளுக்கு மாஹிமுக்கு வண்டி உண்டல்லவா? கோயில் வாசலில் நான் நிற்பேன், நீ வா” என்றார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை, விளக்கை ஏற்றினார்.

இரவு மாஹிம் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். கையில் அச்சுமுறுக்குப் பொட்டலம் இருந்தது. கிழக்கே கூரைகளின் மேல் பற்பல நட்சத்திர விளக்குகள் தெரிந்தன. எது எங்கள் விளக்கென்று அறிய இயலவில்லை. மேற்கே ராட்டினத்தின் ஒளி சுழன்றது. இத்தனை ஆண்டுகளாக இந்த நடைமேடையில் நின்றும் இரு பக்கமும் திரும்பிப் பார்க்காமல் போனோமே என்று தஞ்சை நண்பர் வருந்தினார்.

வாசக அன்பர்களே, விடுமுறை என்றதும் நாம் சொந்த ஊரை நினைக்கிறோம். கையில் பொருளிருந்தால் தொலைவிலுள்ள நகரங்களை நினைக்கிறோம். வரும் மார்கழியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு சனி ஞாயிறு மாஹிமுக்குச் சென்று வாருங்கள். செலவு ரயில் கட்டணமும் தின்பண்டமுமே. தாராவியில் உங்கட்கு உறவினரோ நண்பரோ இருப்பின், அவர் வீட்டில் ஓரிரவு தங்குங்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.