மாற்றுச் சாவி

"குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா, ஸார்?" என்று கேட்கிறார் என் நண்பர், போலீஸ் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிடிக்க வேண்டியதுதான். அதற்காக, செல்போனில் நாம் சங்கேதத்தில் பூட்டி அனுப்பும் செய்திக்கெல்லாம் சர்க்காரிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கட்டும் என்கிறாரே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

கிரீஸ் தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். சட்டப்படி ஒட்டுக் கேட்பதற்கென்று அங்கே டெலிபோன் இயந்திரத்தில் ஒரு வசதி இருந்தது. 2004-05-ல் யாரோ அதற்குள் புகுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட செல்போன்களை ஒட்டுக் கேட்டார்கள். அவற்றில் ஒன்று பிரதம மந்திரி கரமன்லிஸினுடையது!

சாவிக்கு எஜமானன் முகம் தெரியாது; எடுத்தவன் கைக்கெல்லாம் திறக்கும்.

நான் என் மனைவிக்கு அனுப்பும் இரண்டு வரியில் தேச ரகசியம் எதுவும் கிடையாது. புளி வாங்கி வரவா என்றுதான் இருக்கும். இருந்தாலும், அது அவளுக்கு எழுதியது அல்லவா?