பிச்சாவும் எங்களூர் முறுக்கும்

2016-இல் சீன இளையோர் மூவர் கோலாலம்பூரில் ‘பிச்சா’ என்னும் உணவு நிறுவனத்தைத் தொடங்கினர். (பிச்சை அன்று; மியன்மார்ச் சிறுவன் ஒருவனின் பெயர்!) அவர்கள் அகதிப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியமாகப் பாடம் கற்பித்தவர்கள். வறுமையால் பிள்ளைகள் படிப்பை விட்டு நின்றனர். ஆதலால் பெற்றோரைச் சமைக்கச் செய்து, அவ்வுணவை விற்றுக் கொடுத்தனர்.

மூவாரில் என் மாணவி ஒருத்தி தீபாவளிக்கு முன் அடிக்கடி வரவில்லை. சோம்பல் என்று கடிந்தேன். தாயாருடன் முறுக்குப் பிழிந்திருக்கிறாள்! விற்காத டின்கள் வீட்டில் அடுக்கிக் கிடந்தன. புலனக் குழுவில் பகிரப் படமெடுத்தேன். “வீட்டப் போடாதீங்க டீச்சர், முறுக்க மட்டும் போடுங்க” என்றார் தாயார். அவ்வாறே செய்தேன், இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தது.

மாணவியிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.