பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்

ராஜபாளையம், 2025 அக்டோபர் 11, சனி

செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி போய்விட்டது. இருபதாயிரம் பிரீமியம் கட்டுகிறவருக்கு மூவாயிரத்து அறுநூறு மிச்சம். ‘இப்போதாவது ஒன்று எடுத்துவிடலாமா’ என்று நினைப்பது இயல்புதான். ஆனால் விலை இறங்கியது மட்டுமே வாங்கக் காரணமாகிவிடாது. கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்த அட்டை, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. வயது வரம்பு கிடையாது. பழைய நோய் என்று சொல்லிக் காத்திருக்க வைப்பதும் கிடையாது. எழுபது வயது சர்க்கரை நோயாளியை இந்த நிபந்தனையில் எந்தத் தனியார் நிறுவனம் ஏற்கும்? அட்டை உள்ள குடும்பம் கடன் வாங்கி பாலிசிக்குப் பணம் கட்டுவது வீண் என்றே நினைக்கிறேன். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் மில் தொழிலாளிக்கும் இதையேதான் சொல்வேன். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தத்துக்கு, தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கிறது. நோயில் படுத்தால் அவருக்குச் சம்பளத்தில் 70 சதவீதத்தை 91 நாள் வரை கொடுக்கவும் செய்கிறது. தனியார் மருத்துவ பாலிசியில் சாதாரணமாக இப்படி ஒன்று கிடைக்காது.

சிக்கல் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பவர்களுக்கு. அட்டைக்கான வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆனது. அதாவது, மொத்தக் குடும்பத்துக்கும் மாதம் பத்தாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் விதிப்படி அட்டை இல்லை. சத்திரப்பட்டியில் நாலு விசைத்தறி வைத்து பேண்டேஜ் துணி நெய்பவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாகப் பால்கோவா கடை போட்டிருப்பவர், சொந்த ஆட்டோ ஓட்டுபவர் எல்லாரும் இந்த இடைவெளியில்தான். சம்பளம் என்று ஒன்று இல்லாததால் ஈஎஸ்ஐயும் இவர்களுக்கு இல்லை. நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்பும் ஊரில், அதை நெய்கிறவர் தன் ஆஸ்பத்திரிச் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர், அக்டோபர் 12, ஞாயிறு

‘அரசு மருத்துவமனை வாசலில் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லையே, பிறகு எதற்கு பாலிசி?’ என்பதே இதில் வலுவான ஆட்சேபம். இதில் பெரும்பகுதி நியாயம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் அதை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தனியார் பாலிசியோ பொதுவாக ஒரு நாளாவது படுக்கையில் சேர்ந்தால்தான் வாய் திறக்கும். மாதாமாதம் போகும் மருந்துக் காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மதுரை–கொல்லம் சாலையில் அடிபட்டால், யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, நிர்ணயித்த தொகை வரை, ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். நெஞ்சுவலி வந்தால் வருவது 108 ஆம்புலன்ஸ்தான். பத்து லட்சத்துக்கு பாலிசி எடுத்தாலும் மதுரை ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிடாது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது இந்தத் தூரத்தைக் குறைத்த அளவுக்கு எந்த பாலிசியும் குறைக்கவில்லை.

இவ்வளவு இருந்தும் இந்த வாதம் ஓரிடத்தில் இடறுகிறது. பைபாஸ் என்றோ புற்றுநோய் என்றோ டாக்டர் சொன்ன அன்று இந்த நடுக் குடும்பங்கள் என்ன செய்கின்றன? மதுரை பெரியாஸ்பத்திரியில் அதே அறுவை சிகிச்சை நடக்கிறது என்று தெரியும். தெரிந்தே, கூட்டத்துக்கும் காத்திருப்புக்கும் பயந்து தனியாரிடம் ஓடுகிறோம். நகை அடகுக்குப் போகிறது, தறி விலைக்குப் போகிறது. நோயைவிட அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவுதான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. ‘எது வந்தாலும் பெரியாஸ்பத்திரிதான்’ என்று உறுதியாக இருக்கும் வீட்டுக்கு பாலிசி தேவையில்லை. அப்படி இருக்க முடியாது என்று தெரிந்த வீடு, அந்த நாளுக்கு மட்டும் காப்பீடு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

ராஜபாளையம், அக்டோபர் 14, செவ்வாய்

அந்த நாளுக்கு மட்டும் என்பதால், முதல் ரூபாயிலிருந்து எல்லாவற்றுக்கும் பணம் தரும் விலை உயர்ந்த பாலிசி வேண்டியதில்லை. சூப்பர் டாப்-அப் என்று ஒன்று உண்டு. ஓர் ஆண்டின் மொத்த ஆஸ்பத்திரிச் செலவில் முதல் சில லட்சத்தை நாம் பார்த்துக்கொள்ள, அதற்கு மேலே போவதை நிறுவனம் தரும். பிரீமியம் கணிசமாகக் குறைவு. வெறும் டாப்-அப்பாக இருந்தால் ஒவ்வொரு முறை சேரும்போதும் தனித்தனியாக அந்த எல்லையைத் தாண்ட வேண்டும். ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்லமாட்டார். கீழே உள்ள தொகைக்குச் சேமிப்பு, சின்ன நோய்க்கு அரசு மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளலாம். ‘பிரீமியத்தைச் சீட்டில் போட்டால் போதாதா’ என்பவர்களுக்கு ஒரு பதில்: போதும், நோய் இருபது வருஷம் பொறுத்து வந்தால். மூன்றாம் வருஷமே வந்தால், ஆண்டுக்கு இருபதாயிரம் போட்டிருந்தாலும் சீட்டில் இருப்பது அறுபதாயிரம்.

‘கட்டும்வரை சிரிப்பார்கள், கேட்டால் கைவிரிப்பார்கள்’ என்ற பயம் பொய்யல்ல. 2023–24இல் வந்த கோரிக்கைத் தொகையில் 12.9 சதவீதம், சுமார் 15,100 கோடி ரூபாய், ஏற்கப்படவில்லை என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் ஆண்டறிக்கையே சொல்கிறது. ஆனால் 2024இல் விதிகள் கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்தன. பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் நான்கு ஆண்டிலிருந்து மூன்றானது. தொடர்ந்து ஐந்து ஆண்டு கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, ‘சொல்லாமல் மறைத்தீர்கள்’ என்று கிளெய்மை மறுக்க முடியாது. மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். எனவே நாற்பது வயதுக்குள், சர்க்கரை எட்டிப் பார்க்கும் முன் எடுப்பது நல்லது. ஏற்கெனவே இருந்தால் விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டும். அறை வாடகைக்கு உச்சவரம்பு உள்ள பாலிசி வேண்டாம். வரம்பைத் தாண்டிய அறையில் படுத்தால் வாடகையோடு நிற்காமல், டாக்டர் கட்டணம் உட்பட மற்ற பலவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

கொள்கை ரீதியான ஆட்சேபம் ஒன்று மிச்சம். வசதி கொஞ்சம் உள்ளவர்கள் விலகிவிட்டால் அரசு மருத்துவமனைக்காகக் குரல் கொடுக்க யார் இருப்பார்கள்? இது என்னை மற்றதைவிட அதிகம் உறுத்துகிறது. சின்ன வைத்தியத்துக்கு அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும் என்பதில் செலவுக் கணக்கு பாதி, இந்த உறுத்தல் பாதி. அட்டை உள்ளவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. ‘இங்கே எல்லாம் இலவசம்தானே’ என்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டு அரசு மருத்துவமனையில் சேர வேண்டாம். திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு அட்டையைப் பதிவு செய்தால், காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேரும்.