பிஜூவுக்கு ஒரு வரி

நாய் இறந்தால் தீட்டு கிடையாது. வீட்டைக் கழுவிவிட்டால் போதும் என்பார்கள். பத்தாம் நாள், பதிமூன்றாம் நாள் என்று எண்ணுவதற்கு நாள் இல்லை. துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. மனிதர் போனால் சடங்குகள் நம் கையைப் பிடித்து ஒவ்வொரு நாளாக நடத்திக்கொண்டு போகின்றன. அழுவதற்குக்கூட ஒரு நேரம் ஒதுக்கித் தருகின்றன. நாய் போனால் அந்த வசதி இல்லை. மறுநாள் காலை பால் பாக்கெட் வரும். எழுந்து காபி போட வேண்டியதுதான்.

எங்கள் பிஜூ போய் இரண்டு மாதம் ஆகிறது. என் வயதுக்காரர்கள் அவரவர் வீட்டில் மனிதர்களையே பறிகொடுத்தவர்கள். அவர்களிடம் போய் நாயைப் பற்றிப் பேசுவதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. பேசாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

2011 ஐப்பசி மழையில், மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே வந்து ஒதுங்கினாள். இரண்டு வயது இருக்கும். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. ஒரு காதின் நுனியில் சிறு துண்டு வெட்டியிருந்தது. யாரோ காயப்படுத்திவிட்டார்கள் என்று என் மனைவி பதறினாள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திருப்பி விட்டதற்கு அடையாளம் அது என்று கால்நடை மருத்துவர் விளக்கினார்.

அந்த வெட்டுக் காதுக்குப் பின்னால் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம் 1959-இல் தி. நகரில் தொடங்கியதுதான் புளூ கிராஸ். அந்தக் காலத்தில் மாநகராட்சி தெருநாய்களை வண்டியில் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவந்தது. கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடைதான் வழி என்று புளூ கிராஸ் 1964 முதல் சொல்லிவந்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. முதலில் நம் தென்சென்னைப் பகுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. 2001-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. இருபது வருடம் முன்னால் பிறந்திருந்தால் பிஜூ நாய் வண்டியில் போயிருப்பாள். எங்கள் மாடிப்படிக்கு வந்திருக்க மாட்டாள்.

பெயர் நான் வைத்தது. பள்ளிப் படிப்பு எனக்குப் பிரெஞ்சு வழியில். பிஜூ என்றால் பிரெஞ்சில் சிறு நகை, மணி. மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"நம்ம ஊர்ல நாய்க்கு மணின்னுதாங்க பேரு" என்றாள்.

இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்றேன். கடைசிவரை நான் பிஜூ என்றும் அவள் மணி என்றும் கூப்பிட்டோம். இரண்டுக்கும் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மணிக்குத்தான் முதலில் வருவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். என் நாளுக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தவள் பிஜூ. காலை ஐந்தரைக்குப் பட்டினப்பாக்கம் கடற்கரை. அலை பக்கத்தில் வந்தால் நான்கு அடி பின்வாங்குவாள், ஆனால் கடலைப் பார்க்காமல் திரும்ப மாட்டாள். இரவு எட்டு மணிக்குத் தயிர்சாதம். தீபாவளிக்கு மூன்று நாள் கட்டிலுக்கு அடியில்தான் வாசம். 2020 ஊரடங்கில் நானும் அவளும் மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி நடந்தோம். அந்த மாதங்களில் நான் அதிகம் பேசியது அவளிடம்தான். மகளிடம் போனில் பேசியதுகூட அதற்கு அடுத்துதான்.

இந்த வருடம் தை மாதத்திலிருந்து தண்ணீர் அதிகமாகக் குடித்தாள். இரவில் இரண்டு மூன்று முறை வெளியே போகவேண்டும் என்று கதவைப் பிராண்டினாள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் முக்கால் பங்கு பழுதான பிறகுதான் இந்தக் கணக்கு ஏறத் தொடங்கும் என்றார் டாக்டர். உப்பும் புரதமும் குறைத்த சாப்பாடு, மாத்திரை, தோலுக்கடியில் சலைன். சலைன் ஏற்ற நானே கற்றுக்கொண்டேன். பிடரித் தோலைத் தூக்கி ஊசியைச் செருகும்போது என் கைதான் நடுங்கியது. அவள் அசையாமல் நிற்பாள்.

ஆறு மாதம் அப்படி ஓடியது. ஆவணியில் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எழுந்து நிற்கவும் முடியவில்லை. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார்.

"இனிமே நீங்கதான் சார் சொல்லணும்" என்றார்.

முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதி மேலே அனுப்பியவன் நான். முடிவு எப்போதும் மேலே உள்ளவருடையது. இந்தக் கோப்பு என் மேசையிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் மனைவி சொன்னாள்:

"அவளால கேக்க முடியாது. நாமதாங்க கேக்கணும்."

அன்று மாலை டாக்டரைக் கூப்பிட்டோம். முதலில் மயக்க ஊசி. அவள் தலை மனைவியின் மடியில். மூச்சு சீரானது, தூங்கிவிட்டாள். பிறகு இரண்டாவது ஊசி. நாய்க்குக் கண் தானாக மூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மனைவி கையால் மூடிப் பார்த்தாள். மூடவில்லை. தன் புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

விலங்குகளைத் தகனம் செய்யும் இடத்திலிருந்து ஒரு சின்னப் பானையில் சாம்பல் கொடுத்தார்கள். பட்டினப்பாக்கத்தில் கரைத்தோம். நாய்க்கு என்ன மந்திரம் சொல்வது? பெயரைச் சொன்னோம். இரண்டு பெயரையும்.

"நாய்தானே சார், வேற ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் மட்டும், "பாப்பா எங்க சார், நாலு நாளா காணோம்?" என்று கேட்டார். சொன்னேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எங்களிடம் துக்கம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இதுவரை 'அவள்' என்றே எழுதியிருக்கிறேன். இலக்கணப்படி நாய் அஃறிணை, 'அது' என்றுதான் எழுதவேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "தப்பில்ல தாத்தா, வழுவமைதி" என்றாள். வீட்டுப் பசுவை 'அம்மா வந்தாள்' என்று சொன்னால், அன்பினால் சொன்னது என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறதாம். நன்னூல் எழுதியவர் வீட்டிலும் மாடு, நாய் ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்பு மட்டுமில்லை, கல்லே இருக்கிறது நம்மிடம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் சண்டையில் இறந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து அவன் பக்கத்திலேயே காவல் நின்றது. வீரனோடு நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன். அந்த ஊரில் அன்று வாழ்ந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அந்த நாயின் பெயர் தெரியும்.

பாரிஸுக்குப் பக்கத்தில் அஸ்னியேர் என்ற ஊரில், சேன் நதிக்கரையில், நாய்களுக்கும் மற்ற வளர்ப்புப் பிராணிகளுக்கும் என்றே ஒரு மயானம் 1899-இல் தொடங்கினார்கள். சினிமாவில் நடித்த ரின் டின் டின்னின் கல்லறை அங்கேதான். பனிமலையில் நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் பாரி என்ற நாய்க்கு வாசலிலேயே சிலை. சிறு வயதில் இந்த மாதிரி விஷயங்களைப் படித்தால் வெள்ளைக்காரர்களின் ஆடம்பரம் என்று தோன்றும். கோவிவனைப் பற்றித் தெரிந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்கும் ஆயிரத்து இருநூறு வருடம் முன்பே நம் ஆட்கள் செய்த காரியம்.

பிஜூ யாரையும் காப்பாற்றவில்லை. கள்ளனைக் கடிக்கவில்லை. கூரியர்காரரைப் பார்த்துக் குரைப்பாள், அதுவும் கதவு சாத்தியிருந்தால்தான். இருந்தாலும் பதிமூன்று வருடம் எங்கள் வாசலில் படுத்திருந்தவள்.

எங்கள் வீட்டில் ஒரு நீள நோட்டு உண்டு. அப்பா, அம்மா, மாமனார், மாமியார் மறைந்த தேதியும் திதியும் அதில் இருக்கின்றன. போன வாரம் அதை எடுத்து, அலுவலக வழக்கப்படி, "மணி என்கிற பிஜூ" என்று எழுதித் தேதி போட்டேன். மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாள்.

"திதியும் போடுங்க" என்றாள்.

பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போட்டேன்.