எழுத்து வேலையும் எழுதப்படாத கூலியும்

இணையத்தில் எழுத்து வேலை தேடுவோர் பலரும் வேலைக்குத்தான் பஞ்சம் என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறார்கள். சில மாதங்கள் அலைந்தபின், பேசிய தொகையைப் பேசிய நாளில் தருகிற ஆளுக்கே பஞ்சம் என்பதைக் கண்டுகொள்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேராமல், வேலைக்கு வேலை தனித்தனியே பேசித் தொகை பெறும் முறை ஃப்ரீலான்ஸ் எனப்படுகிறது. இம்முறை இணையத்தோடு பிறந்ததன்று. வார இதழ்களுக்குச் சிறுகதையும் துணுக்கும் அனுப்பி, மணியார்டரில் சன்மானம் பெற்ற தலைமுறையினர் அனைவரும் அந்தப் பெயரை அறியாத ஃப்ரீலான்ஸர்களே. அவர்களுக்கு இதழின் முகவரி தெரியும், ஆசிரியரின் பெயர் தெரியும், தொகை மட்டும் தபால்காரர் வந்து எண்ணித் தரும்வரை தெரியாது. இணையத்தில் தொகை முதலிலேயே தெரிந்துவிடுகிறது. தருபவர் யார் என்பது சில வேளைகளில் கடைசிவரை தெரிவதில்லை. தம்மை நேரில் காணாமலே மன்னன் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் புலவர் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு பதிவுசெய்திருக்கிறது. இன்றைய எழுத்தாளருக்கு அந்த மறுப்பு கட்டுப்படியாகாது.

காணாத இருவருக்கிடையே நம்பிக்கையை ஏற்படுத்தித் தருவதாகச் சொல்லியே இடைத்தளங்கள் எழுந்தன. 1999இல் தொடங்கிய ஈலான்ஸும் 2003இல் தொடங்கிய ஓடெஸ்க்கும் ஒன்றாகி 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. இஸ்ரேலில் 2010இல் தோன்றிய ஃபைவர், எந்தச் சேவையானாலும் 5 டாலர் என்ற அறிவிப்போடு கடை விரித்தது. வேலை தருபவர் தொகையை முன்கூட்டியே தளத்தில் கட்டிவிட, வேலையை அவர் ஏற்றுக்கொண்டபின் தளம் அதை எழுத்தாளருக்கு விடுவிக்கும் ஏற்பாட்டுக்கு எஸ்க்ரோ என்று பெயர். இடைத்தளங்கள் செய்த நன்மைகளில் இதுவே பெரியது. நன்மைக்கு விலையும் உண்டு: ஃபைவர் எழுத்தாளரின் வரவில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அப்வொர்க்கில் விண்ணப்பம் போடுவதற்கே கனெக்ட் எனப்படும் வில்லைகளைச் செலவழிக்க வேண்டும், வேலை வேறொருவருக்குப் போனாலும் போன வில்லை போனதுதான். புதிதாக வருபவருக்கு நட்சத்திர மதிப்பெண் இல்லாததால் வேலை கிடைப்பதில்லை, வேலை கிடைக்காததால் மதிப்பெண் சேர்வதில்லை. இந்தச் சிக்கலை அறுக்க அவர் அடிமாட்டு விலைக்கு இறங்குகிறார், பிறகு அந்த விலையே அவருடைய விலையாகப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது.

விலை குறிக்கப்படும் முறையைக் கூர்ந்து பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். எழுத்து வேலைக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது பரவலான வழக்கம். சொல் எது என்பதைக் கணினி இடைவெளியைக் கொண்டு தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று சொற்களில் சொல்லப்படுவது தமிழில் ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என ஒரே சொல்லில் முடிந்துவிடுவதால், ஆயிரம் சொற்கொண்ட ஆங்கிலக் கட்டுரை தமிழுக்கு வரும்போது எண்ணிக்கையில் கணிசமாகக் குறைகிறது. ஆகவே மொழிபெயர்ப்புக்கு விலை பேசும்போது எண்ணப்படுவது மூலத்தின் சொல்லா, பெயர்ப்பின் சொல்லா என்று கேட்காதவர், அதே உழைப்புக்குக் குறைந்த பணத்தையே பெறுவார். தமிழிலேயே எழுதுபவருக்கும் இந்த விளையாட்டு உண்டு: ‘எழுதிக்கொடுத்துவிட்டால்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல்லின் கூலி, ‘எழுதிக் கொடுத்து விட்டால்’ என்று பிரித்து எழுதினால் மூன்று சொல்லின் கூலி. சேர்த்தெழுதும் நல்ல வழக்கம் நாளடைவில் ஏன் தளர்கிறது என்று ஆராய்வோர் இந்தக் கணக்கையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் ட்ராடோஸ், மெமோக்யூ போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன; முன்பு பெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து வைத்து, ஒத்த வாக்கியம் மீண்டும் வரும்போது எடுத்துக்காட்டுவது அவற்றின் வேலை. அப்படி ஒத்துவரும் பகுதிக்கு முழுக் கூலி தராமல் ஒரு பங்கே தருவது வழக்கம் என்பதால், பத்தாயிரம் சொல் வேலை என்று மகிழ்ந்து எடுத்தவர் பில் போடும்போதுதான் உண்மைத் தொகையைக் காண்கிறார்.

சொல்லுக்கு 50 காசு என்று ஒரு கட்டுரை பேசப்பட்டதாகக் கொள்வோம். ஆயிரம் சொல்லுக்கு 500 ரூபாய். விவரம் திரட்ட 2 மணி, எழுத 3 மணி, திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தால் இன்னொரு மணி என வைத்தால், மணிக்கு 83 ரூபாய் தேறுகிறது. அந்த வேலையைப் பிடிப்பதற்காக அனுப்பிய விண்ணப்பங்களும் எழுதிக்காட்டிய மாதிரிகளும் கணக்கில் வருவதேயில்லை. எதைக் கொடுத்தாலும் எழுதுவேன் என்பவருக்கு இக்கணக்கு மாறுவது அரிது. ஒரு துறையை உள்ளிருந்து அறிந்தவருக்கு மாறும்: வரிக்கணக்கு தெரிந்தவர் கணக்கு மென்பொருளின் உதவிக்குறிப்புகளை எழுதும்போதும், செவிலியாக இருந்தவர் நோயாளிக்கான கையேட்டை எழுதும்போதும் விவரம் திரட்டும் நேரம் பாதியாகிறது, பிழை குறைகிறது, கொடுப்பவரும் வேறு ஆளைத் தேடுவதில்லை. இணையத்தில் எழுதிப் பிழைப்போரில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் இப்படி வேலை கொடுப்போர் சிலரோடு நேரடியாகத் தொடர்பு வைத்திருப்பவர்களே.

ஏமாற்றுகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வேலை தருபவர் பணம் கேட்டால் அது வேலையன்று என்ற ஒரு விதியே போதும். பதிவுக் கட்டணம், காப்புத்தொகை என்று கேட்பது ஒரு வகை. தட்டச்சு வேலை என்று ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கி, பிழை அதிகம் என்று வேலையைத் தள்ளிவிட்டு, வக்கீல் நோட்டீஸ் காட்டி அபராதம் பறிப்பது மற்றொரு வகை. இதற்கு அஞ்சிப் பணம் கட்டியவர்கள் பலர். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அவர்கள் அறிந்திருந்தால் நன்று. விண்ணப்பித்த ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு தலைப்பில் மாதிரிக் கட்டுரை வாங்கிக்கொண்டு, யாரையும் அமர்த்தாமல் எல்லாவற்றையும் வெளியிட்டுக்கொள்வது, பெரும்பாலும் வழக்குவரை போகாத நாகரிகத் திருட்டு.

பிறர் பெயரில் வெளியாவதற்காக எழுதித் தருவது கோஸ்ட் ரைட்டிங் எனப்படுகிறது. இணைய வேலைகளில் இதன் பங்கு சிறிதன்று. எழுதித் தந்தது யாருக்கு உரியது என்பதற்குச் சட்டத்தில் விடை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, சம்பள ஊழியர் அல்லாத எழுத்தாளர் தம் எழுத்துக்கு முதல் உரிமையாளர்; அந்த உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும்; காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் குறியோடு வேலையை முடித்துக்கொள்வோர் இருதரப்பிலும் இதை அறியாதவர்கள். தொகை தாமதமாவதற்கும் சட்டத்தில் வழி உண்டு: சிறு, குறு தொழிலாக அரசின் உத்யம் தளத்தில் பதிவுசெய்துகொண்டவருக்கு இந்திய வாடிக்கையாளர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி சேரும் என்கிறது அத்தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அடுத்த வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இதைக் கையிலெடுப்பவர் குறைவு.

2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி வெளியானபின் இச்சந்தையின் அடித்தளம் அசைந்தது. பொருள் விவரணை, பொதுவான உடல்நலக் குறிப்பு போன்ற மலிவான வேலைகளை இயந்திரமே செய்துவிட, எழுத்தாளரிடம் இயந்திரம் எழுதியதைத் திருத்தும் வேலை குறைந்த கூலிக்கு வருகிறது. எழுத்தாளர் தாமே எழுதியதையும் இயந்திரத்தின் எழுத்து என்று கண்டறிகருவி காட்டிவிட, தொகை மறுக்கப்படுவதும் உண்டு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறிகருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது என்பதை அவ்வேளையில் எடுத்துக்காட்டலாம். மறுபக்கமும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும்: இயந்திரக் கதைகள் குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் படைப்புகளை ஏற்பதையே சில வாரம் நிறுத்த வேண்டியிருந்தது.

அறிவியல் புனைகதைத் துறையிலிருந்து தமிழுலகம் கற்க வேண்டிய வேறொன்று உண்டு. அமெரிக்காவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம், சொல்லுக்கு 8 சென்ட் என்பதைத் தொழில்முறைக் கூலியின் அடிமட்டமாக 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்வகை இதழ்கள் பலவும் கூலியைப் படைப்பு கேட்கும் அறிவிப்பிலேயே வெளிப்படையாக அச்சிடுகின்றன. தமிழ் இணைய இதழ்களின் அறிவிப்புகளில் எழுத்துரு, பக்க அளவு, கடைசி நாள் எல்லாம் இருக்கும், தொகை மட்டும் இருப்பதில்லை. தர இயலாத இதழ் தர இயலாது என்று எழுதலாம், அதில் குறைவில்லை. தரும் இதழ் எவ்வளவு, எந்த நாளில் என்று எழுத வேண்டும். எழுத வருகிறவர்களும் அந்த இரண்டையும் முதல் கடிதத்திலேயே கேட்டுப் பழக வேண்டும்.