மறுபடியும் முதல் வகுப்பு

மாதுங்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டவள் நான். நம் சங்கத்துக் குடும்பங்களில் மகனையோ மகளையோ அமெரிக்காவுக்கு அனுப்பாத வீடு இன்று அரிது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் அங்கே போய் வருவதும் நமக்குப் பழகிய யாத்திரையாகிவிட்டது. நானும் அவ்வாறே 2023-ஆம் ஆண்டு ஐப்பசியில் நியூ ஜெர்சியிலுள்ள என் மகள் இல்லத்துக்குச் சென்றேன். அந்நாட்டுக் குளிரையும் பனியையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர், அவற்றை விட்டுவிடுகிறேன். அங்கே ஒரு சமையலறை மேஜையின்மேல் நான் கண்டதைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தேன்.

என் மகள் மும்பைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பயின்று முதல் வகுப்பில் தேறியவள். மணமாகி, கடல் கடந்து, ஒரு குழந்தைக்குத் தாயும் ஆனபிறகு, 'பிசிசியன் அசிஸ்டென்ட்' படிப்பில் சேர்வதென்று தீர்மானித்தாள். தொலைபேசியில் செய்தி கேட்ட என் கணவர், "அசிஸ்டென்ட் ஆவதற்கா இத்தனை பாடு?" என்றார். நான் சொன்னது அதனினும் கொடியது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னரே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் முதலிய பாடங்களை அந்நாட்டுக் கல்லூரியில் படித்துத் தேறியிருக்க வேண்டுமாம். பல பள்ளிகள் அயல்நாட்டில் படித்ததை இதற்கு ஏற்பதில்லை. சில பள்ளிகள் பாடம் படித்து இத்தனை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கலாகாது என்றும் விதித்திருக்கின்றன. குழந்தையை வைத்துக்கொண்டு நாள்தோறும் கல்லூரிக்குச் செல்ல இயலாது; ஆதலின் இணையவழியில் படிக்கப் போவதாக அவள் கூறினாள்.

"பட்டம் வாங்கியவள் மறுபடியும் முதல் வகுப்பில் போய் உட்காருவதா? அதுவும் கணினியில் வருகிற பாடமா? யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்றேன்.

அவள் மறுமொழி சொல்லவில்லை. "குழந்தை அழுகிறது, அம்மா" என்று பேச்சை முடித்துக்கொண்டாள். குழந்தையின் அழுகுரல் எனக்குக் கேட்கவில்லை.

அந்தத் தொழிலைப் பற்றி நான் அறிந்துகொண்டதெல்லாம் பிற்பாடுதான். மருத்துவர் பற்றாக்குறையை நீக்கும்பொருட்டு 1965-இல் வட கரோலினாவிலுள்ள ட்யூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்னும் மருத்துவர் இப்படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவப் பணி செய்து பழகிய நால்வரே முதல் மாணவர். இன்றோ அந்நாட்டில் இதற்கு முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. தேறியவர்கள் நோயாளியைச் சோதித்து நோயைக் கண்டறிகிறார்கள்; மருந்தும் எழுதித் தருகிறார்கள். 'அசிஸ்டென்ட்' என்னும் சொல் அவர்களுக்கே உறுத்தியது போலும். 2021-இல் அவர்களுடைய தேசிய அமைப்பு 'பிசிசியன் அசோசியேட்' என்று பெயரை மாற்றத் தீர்மானித்தது. நம் நாட்டிலும் 1992-இலேயே சென்னையில் இப்படிப்பு தொடங்கிவிட்டதாம். பெயரை மட்டும் கேட்டு முகம் சுளித்த நாங்கள் இவற்றில் ஒன்றையும் விசாரிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம் கல்லூரியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இணையவழிப் பாடமாயினும் சோதனைச்சாலைப் பயிற்சி உண்டென்றும், அதற்கான சாதனங்கள் இவை என்றும் மகள் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் கத்தி, கத்தரி, கையுறை. அவற்றோடு மருந்தில் ஊறவைத்து உறையிட்ட ஓர் ஆட்டின் இதயம்! எங்கள் வீட்டில் முட்டை கூட நுழைந்ததில்லை. அன்றிரவு அரிசி டப்பாவையும் அஞ்சறைப் பெட்டியையும் நான் படுக்கையறைக்குக் கடத்திவிட்டேன். மாப்பிள்ளை வாய் திறவாமல் மேஜைமேல் பழைய செய்தித்தாள்களை விரித்தார். மருந்து நெடி மூக்கைத் துளைத்தது.

அறுக்கும்போது கைகள் கேமராவில் நன்றாகத் தெரிய வேண்டும், வெளிச்சமோ போதவில்லை. மாப்பிள்ளை குழந்தையைத் தூங்கவைக்கப் போயிருந்தார். வேறு வழியின்றி நானே டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் நிதானமாகப் பிளந்து, நான்கு அறைகளையும் காட்டி, வால்வு ஒன்றைச் சிறு இடுக்கியால் தூக்கினாள். அதன் ஓரங்களைக் குடைக்கம்பிபோல் மெல்லிய வெண்ணிற நூல்கள் இழுத்துப் பிடித்திருந்தன. "பாட்டிக்குச் சுருங்கிப் போயிருந்தது இந்த வால்வுதான், அம்மா" என்றாள். என் மாமியாரைப் பற்றிச் சொல்கிறாள். அவர் மூச்சுக்குத் தவித்த நாட்களில் டாக்டர் எத்தனையோ முறை விளக்கியும் எனக்கு விளங்காதது அந்த இரவில் விளங்கிற்று. அதன்பின் நான் கண்ணை மூடவில்லை.

தேர்வுகள் இன்னொரு விதச் சோதனை. தொடங்குமுன் அறையின் நான்கு மூலைகளையும் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும். வேறொருவர் உள்ளே வரக்கூடாது; குரல் கேட்டாலும் ஐயத்துக்கு இடமாகும். மூன்று வயதுக் குழந்தைக்கு இது தெரியுமா? மார்கழியில் இறுதித் தேர்வன்று அது "அம்மா, அம்மா" என்று கதவைத் தட்டத் தொடங்கியது. அள்ளி எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். தொட்டியில் வெந்நீரை நிரப்பி, வீட்டிலுள்ள தம்ளர்களையெல்லாம் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் மொண்டு ஊற்ற வைத்தேன். ஒருமுறை வாங்கிய குறைந்த மதிப்பெண் மறுமுறை படிப்பதால் அழிந்துவிடாது. காஸ்பா என்னும் பொது விண்ணப்ப முறையில் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். அது தெரிந்திருந்ததால், நீர் வீணாவதைப் பற்றி அன்று நான் கவலைப்படவில்லை.

முதல் தரத்தில் தேறினாள். ஆனால் தை பிறந்ததும் இடி விழுந்தது. அவள் குறித்து வைத்திருந்த ஐந்து பள்ளிகளில் இரண்டு, வீட்டில் செய்த சோதனைச்சாலைப் பயிற்சியை ஏற்கமாட்டோம் என்று எழுதிவிட்டன. 2020-இல் நோய்த்தொற்றுப் பரவியபோது பல பள்ளிகள் இவ்விதியைத் தளர்த்தின; பிறகு சில பழைய விதிக்கே திரும்பிவிட்டன. பாடத்தை நடத்திய கல்லூரியின் ஆலோசகரோ, எல்லாப் பள்ளிகளும் ஏற்கும் என்று சேரும்போது உறுதி கூறியிருந்தார். விற்பவரைக் கேட்டால் வேறென்ன சொல்வார்? ஏற்க வேண்டிய பள்ளியை அல்லவா கேட்டிருக்க வேண்டும், அதையும் எழுத்தில்! நம் பெண்களில் எவரேனும் இவ்வழியில் செல்வதாயின் இதைமட்டும் மறவாதிருக்கச் சொல்லுங்கள். அவள் இழந்தது ஒரு பருவத்துக் கட்டணமும் நான்கு மாத இரவுத் தூக்கமும்.

அன்றிரவு அவள் அந்த மேஜையருகே விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தாள். "நீ சொன்னது சரிதான், அம்மா. கணினியில் வருகிற பாடம்தானே!" என்றாள்.

அப்பொழுதுதான் நாற்பதாண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். 1980-களில் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் பி.ஏ. படித்தேன். மாதுங்காவிலிருந்து, அந்நாளில் விக்டோரியா டெர்மினஸ் எனப்பட்ட நிலையம்வரை, பெண்கள் பெட்டியில் நின்றபடியே படித்த படிப்பு அது. பதவி உயர்வுக்கான நேர்காணலில் அதிகாரி என் சான்றிதழை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்து, "தபாலில் வந்த பட்டமா?" என்று கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்த அதிகாரியின் வார்த்தையைத்தான், தபால் என்பதைக் கணினி என்று மாற்றி, நான் பெற்ற மகளிடமே சொல்லியிருந்தேன்.

அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அன்றைக்கு நீ அழுதாயா?" என்று கேட்டாள்.

"ரயிலில் அழுதேன். தாதர் தாண்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்" என்றேன்.

அந்த மாதக் கடைசியிலேயே அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் சோதனைச்சாலையோடு கூடிய உடற்கூறியல் வகுப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் நேரில் போக வேண்டும். மற்றப் பாடங்களை இணையவழியிலேயே தொடர்ந்தாள். நோயாளிகளோடு பழகிய அனுபவத்தையும் மணிக்கணக்கில் காட்ட வேண்டியிருப்பதால், ஞாயிறு முழுவதும் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளராகப் பணி செய்தாள். அங்குள்ள கிழவிகளைக் குளிப்பாட்டி விட்டு வந்து அவள் சொன்ன கதைகள் தனியே எழுதத்தக்கவை. பங்குனியில் நான் ஊர் திரும்பினேன்.

2025-இல் விண்ணப்பம் போட்டாள். மூன்று பள்ளிகளிலிருந்து பதில் இல்லை, ஒன்று மறுத்துவிட்டது. ஒன்று மட்டும் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. வேறு மாநிலம், இரண்டு நாள் பயணம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். என் கணவர் இம்முறை தானும் வருவதாகச் சொல்லி, கம்பளிச் சட்டையை வெயிலில் காயப்போட்டிருக்கிறார்.